வீட்டை ஒட்டிய மனையில் 40 அடி விளம்பரப் பலகை: ஆட்சேபணையில் என்ன எழுதுவது?

மெய்ப்புக்காரன் எழுதியது:

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு மூலை மனை காலியாகக் கிடக்கிறது. அதற்கு ஒரு பக்கம் பிரதான சாலை, மறுபக்கம் எங்கள் தெரு. எங்கள் வீடு அந்த மனைக்குப் பின்னால், தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. பெருநகரத்தை ஒட்டி வளர்ந்த ஊர் இது. பத்து வருடம் முன்பு பிரதான சாலையில் லாரி வந்தால் எட்டிப் பார்ப்போம். இப்போது சாலையைக் கடக்கத்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் அந்த மனைக்கு முன்னால் விளக்குக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கீழ்ப்பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தேன். ஒற்றைத் தூணில் 12 மீட்டருக்கு 6 மீட்டர் எல்இடி விளம்பரப் பலகை, தரையிலிருந்து அடிவிளிம்பு 8 மீட்டர், பின் எல்லைச் சுவரிலிருந்து 9 மீட்டர். ஆட்சேபணை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். அதில் ஆறு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

அந்தப் பின் எல்லைச் சுவர் எங்களுடையது. மாடி அறையின் ஜன்னல் சரியாக அந்தப் பக்கம்தான். என் அம்மா அந்த அறையில் படுக்கிறார்.

நான் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறவன். எழுத்துப் பிழை என்றால் கண்டுபிடித்துவிடுவேன், சட்டப் பிழை தெரியாது. முதல் வரைவில் "ஊரின் அழகு கெடும், மக்களின் நிம்மதி பறிபோகும்" என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, படித்துப் பார்த்து நானே அடித்துவிட்டேன். நகராட்சிக்குப் போனால் "விதிப்படிதான் பார்ப்போம்" என்கிறார்கள். எந்த விதி என்று கேட்டால் ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பலகைகளுக்கு விதி எங்கே இருக்கும், நான் எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய டிராயிங் போர்டு எழுதியது:

சார், நகரமைப்புப் பிரிவில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒன்றரைப் பக்கத்தை அடித்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. "அழகு கெடும்" என்று வரும் மனுவைக் கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். "வரைபடத்தில் 9 என்று இருக்கிறது, இடத்தில் 3 வருகிறது" என்று ஒருவர் எழுதிவிட்டால் யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பியே ஆக வேண்டும்.

விதிகள் ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஆனால் அவை கேட்கும் கேள்விகள் எங்கு போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே இடத்திலும் கிடைக்காது. நில வகைப்பாடு மாஸ்டர் பிளானில் இருக்கும். அளவும் இடைவெளியும் விளம்பரப் பலகைகளுக்கான தனி விதியிலோ கட்டட விதியிலோ இருக்கும். சாலை ஓரம் என்றால் சாலைத் துறைக்கும் ஒரு பங்கு. உங்களை மேசை மேசையாக அனுப்பியது அதனால்தான், எல்லா நேரமும் அலட்சியம் இல்லை.

முதலில் அந்த மனை எந்த மண்டலம் என்று பாருங்கள். குடியிருப்பா, வணிகமா, கலப்பா? அதோடு நிற்காமல் எப்போதிலிருந்து அப்படி என்றும் கேளுங்கள். சுற்றிலும் குடியிருப்பு, நடுவில் ஒரே ஒரு மனை மட்டும் பிளான் வரைபடத்தில் வணிக நிறத்தில் இருந்தால், நிறம் மாறிய தேதியைக் கேட்டு வாங்குங்கள். இது பழைய வித்தை. அமெரிக்காவில் 1965-ல் நெடுஞ்சாலை அழகுச் சட்டம் வந்தது. பெரிய நெடுஞ்சாலைகளின் எல்லையிலிருந்து 660 அடிக்குள் இந்த மாதிரிப் பலகை வேண்டுமென்றால் வணிக அல்லது தொழில் பகுதியாக இருக்க வேண்டும் என்றார்கள். உடனே சில ஊர்களில், கடையோ ஆலையோ வரவே வாய்ப்பில்லாத வயல்வெளித் துண்டுகள் எல்லாம் காகிதத்தில் வணிக மண்டலம் ஆகிவிட்டன. பலகையைத் தவிர அங்கே வேறு வணிகம் எதுவும் நடக்கவில்லை.

அடுத்தது, எந்த வகைப் பலகை என்று பாருங்கள். ஒரு கடை தன் வாசலில் தன் பெயரை வைப்பது ஒன்று. எங்கோ விற்கும் பொருளுக்கு இங்கே இடம் வாடகைக்கு விடுவது வேறு. முதல் வகைக்குச் சலுகை அதிகம், இரண்டாவதற்குக் கெடுபிடி அதிகம். காலி மனையில் வருவது இரண்டாவது வகைதான். முதல் வகை என்ற தலைப்பில் மனு போட்டிருந்தால் அங்கேயே பிடியுங்கள். இந்தப் பிரிப்பே செல்லாது என்று ஆஸ்டின் நகரத்தின் மேல் வழக்குப் போட்டு, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பலகையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தால்தானே எந்த வகை என்று தெரியும், அப்படியானால் இது பேச்சைக் கட்டுப்படுத்துவதுதானே என்பது வாதம். பலகை எங்கே நிற்கிறது என்பதை வைத்துப் பிரிப்பது உள்ளடக்கத்தை வைத்துப் பிரிப்பதாகாது என்று 2022-ல் தீர்ப்பு வந்தது. உங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. என்ன விளம்பரம் வரும், அது நல்லதா கெட்டதா என்று மனுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இடம், அளவு, வெளிச்சம், பாதுகாப்பு, இந்த நான்கோடு நில்லுங்கள்.

இப்போது நோட்டீஸில் என் கண்ணில் பட்ட விஷயம். "பின் எல்லைச் சுவரிலிருந்து 9 மீட்டர்" என்கிறார்களே, எதிலிருந்து அளந்த 9? தூணின் நடுவிலிருந்தா, பலகையின் விளிம்பிலிருந்தா? பலகை 12 மீட்டர் அகலம். தூண் நடுவில் என்றால் இரண்டு பக்கமும் ஆறு ஆறு மீட்டர் நீளும். ஒரு முகம் பிரதான சாலைக்குக் குறுக்காக நின்றால் உங்கள் சுவருக்கும் பலகை விளிம்புக்கும் நடுவில் 3 மீட்டர்தான் மிச்சம். பெரும்பாலான விதிகளில் "கட்டமைப்பின் எந்தப் பகுதியும்" என்றுதான் இருக்கும். உங்கள் ஊர் விதியில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். உங்கள் தொழில்தானே அது.

இன்னொன்று மூலைப் பார்வை முக்கோணம். இரண்டு சாலை ஓரங்களும் சந்திக்கும் புள்ளியிலிருந்து இரு பக்கமும் குறிப்பிட்ட தூரம் அளந்து, அந்த இரண்டு முனைகளையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அதற்குள் வண்டி ஓட்டுகிறவரின் கண்ணை மறைக்கும் எதுவும் நிற்கக்கூடாது. பலகை 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அது எப்படி மறைக்கும் என்பார்கள். பலகை மறைக்காது, தூண் மறைக்கும். இந்த அளவுப் பலகைக்குத் தூண் மூன்றடி விட்டமாவது இருக்கும். தெருவிலிருந்து வெளியே வருகிறவருக்கு, சாலையில் வரும் பைக் ஒன்று அந்தத் தூணுக்குப் பின்னால் முழுசாக ஒளிந்துகொள்ளும்.

கணக்கு சுலபம். மூலை செங்கோணமாக இருந்து, விதி இரு பக்கமும் 10 மீட்டர் என்று சொன்னால், தூண் பிரதான சாலை ஓரத்திலிருந்து எவ்வளவு, உங்கள் தெரு ஓரத்திலிருந்து எவ்வளவு என்று அளந்து இரண்டையும் கூட்டுங்கள். 10-க்குக் குறைந்தால் தூண் முக்கோணத்துக்குள் நிற்கிறது.

கோப்பைப் பார்க்க எழுதிக் கேளுங்கள். வரைபட நகல் இல்லாமல் மனு எழுத உட்காராதீர்கள்.

---

வெல்டிங் பொறி எழுதியது:

பெரியவர் வரைபடம் சொன்னார், நான் இரும்பு சொல்கிறேன். இருபது வருடமாக இந்தப் பலகைகளின் இரும்புச் சட்டங்களை அடித்து ஏற்றுகிறவன். பலகை வருவதால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதையும் மறைக்கவில்லை.

பலகை தன் எடையால் விழுவதில்லை, காற்றால் விழுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நான்கு மடங்காகும். உங்கள் பலகை 72 சதுர மீட்டர். 75 கிலோமீட்டர் வேகக் காற்றில் அதன் மேல் சுமார் இரண்டேகால் டன் அழுத்தும். அதே காற்று 150-ஐத் தொட்டால் ஒன்பது டன்னுக்கு மேல். அந்த ஒன்பது டன்னும் தரை மட்டத்தில் தள்ளவில்லை, 11 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. கடப்பாரை நுனியைப் பிடித்து நெம்புகிற மாதிரிதான். ஆகத் தூண் எவ்வளவு கனம் என்பதைவிட மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு. மண் பரிசோதனை அறிக்கை கோப்பில் இருக்கிறதா, அது அந்த மனையின் மண்தானா என்று பாருங்கள். வேறு மனைக்கு எடுத்த அறிக்கையை மேலுறை மாற்றி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். யார் எவர் என்று கேட்க வேண்டாம்.

துணிப் பலகை என்றால் "காற்றுப் போக அங்கங்கே கிழித்துவிடுவோம், பயமில்லை" என்பார்கள். அந்தப் பிறை பிறையான வெட்டுகளால் பெரிதாக எதுவும் குறைவதில்லை, மனசுக்கு ஒரு ஆறுதல்தான். எல்இடி என்றால் அதுவும் கிடையாது, பெட்டி பெட்டியாக எடை சேர்கிறது.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் விழுந்தது 120-க்கு 120 அடி. புழுதிப் புயலில் பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்து 17 பேர் செத்துப்போனார்கள். அந்த மாநகராட்சி வைத்திருந்த உச்ச அளவு 40-க்கு 40. அதாவது அனுமதிக்கிற பரப்பைப் போல ஒன்பது மடங்கு. ரயில்வே போலீஸ் வசமிருந்த நிலம் அது, எங்களிடம் அனுமதி வாங்கவில்லை என்று மாநகராட்சி சொன்னது. இவ்வளவு பெரியது எல்லோர் கண் முன்னாலும்தான் நின்றது.

மனுவில் மூன்று கேளுங்கள். எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டார்கள்? அடித்தளக் கணக்கில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் யார்? நிறுத்திய பிறகு வருடா வருடம் யார் சோதிப்பார்கள்? அந்த மூன்றாவதுக்கு நான் போன எந்த இடத்திலும் நேர் பதில் வந்ததில்லை. போல்ட்டில் துரு ஏறுவது கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. அடித்தகட்டில் மழைநீர் தேங்கும், நட்டுக்குக் கீழே மொறுமொறுவென்று பொரிந்து வரும், மேலே மட்டும் புதுப் பெயின்ட் மினுக்கும்.

---

காலிமனை எழுதியது:

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். நானும் இப்படி ஒரு மனையைப் பலகைக்கு விட்டவன்தான். கட்டடம் கட்டக் காசில்லை, சும்மா கிடக்கும் மனைக்கும் வரி கட்டியாக வேண்டும், மாதா மாதம் வாடகை தருகிறேன் என்று ஒருவர் வந்தால் என்ன செய்வது? அந்த மனைக்காரரும் உங்களை மாதிரி ஆள்தான், பேசிப் பாருங்கள்.

ஆனால் பேசும்போது இதைக் கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் பலகையை இறக்குவது யார் செலவு? விழுந்து யாருக்காவது ஏதாவது ஆனால் பொறுப்பு யாருக்கு? நான் இதை இரண்டையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வாடகை நின்று ஒன்றரை வருடம் ஆகிறது, இரும்பு இன்னும் என் மனையில் நிற்கிறது. நகராட்சி எனக்குத்தான் நோட்டீஸ் அனுப்புகிறது. பெரும்பாலான மனைக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள்.

---

மெய்ப்புக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விதியில் "கட்டமைப்பின் எந்தப் பகுதியும்" என்ற சொற்கள் இருக்கின்றன! குடியிருப்பு எல்லையிலிருந்து 7.5 மீட்டர். மனை கலப்பு மண்டலம், பழைய வரைபடத்திலும் அப்படித்தான், அதில் தில்லுமுல்லு இல்லை. கோப்பு நாளை மறுநாள் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஒன்று கேட்க வேண்டும். எனக்கு இரும்பைவிட வெளிச்சம்தான் பயம். ஒரு முகம் எங்கள் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்குமாம். அம்மாவுக்கு இப்போதே தெருவிளக்கு ஜன்னலில் விழுந்தால் தூக்கம் வராது, பழைய புடவையை மடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். வெளிச்சத்துக்கு ஏதாவது அளவு உண்டா?

---

பழைய டிராயிங் போர்டு எழுதியது:

உண்டு. பலகை எவ்வளவு பிரகாசம் என்பது ஒரு அளவு, அந்த வெளிச்சம் உங்கள் இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பது இன்னொன்று. முதலாவதை நிட் என்ற அலகிலும், இரண்டாவதை ஃபுட்கேண்டில் அல்லது லக்ஸ் என்ற அலகிலும் சொல்வார்கள். நடுப்பகல் வெயிலில் படம் தெரிய 5000 நிட் அளவுக்கு ஏற்றுவார்கள். இரவில் அதைச் சில நூறுக்கு இறக்கியாக வேண்டும், இறக்கும் சென்சார் வேலை செய்ய வேண்டும். இரண்டாவதற்கு அமெரிக்க ஊர்களில் பரவலாக இருக்கும் வரம்பு, சுற்றியுள்ள வெளிச்சத்தைவிட 0.3 ஃபுட்கேண்டில் கூடுதல். நம் கணக்கில் சுமார் 3 லக்ஸ். கேட்க அற்பமாக இருக்கும். முழுநிலா வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான் என்று வைத்துப் பார்த்தால் அம்மாவின் ஜன்னலுக்கு அது அற்பமில்லை. அந்த வரம்பும் சாலைப் பக்கம் குறிப்பிட்ட தூரத்தில் நின்று அளப்பது, படுக்கையறைக்காக வைத்ததில்லை. அதனால் இரவு இத்தனை மணிக்கு மேல் அணைக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தனியாகக் கேளுங்கள். அனுமதியை மறுப்பதைவிட நிபந்தனை போடுவது அதிகாரிக்குச் சுலபம்.

படம் மாறும் வேகத்தையும் கேளுங்கள். 2007-ல் அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் ஒரு படம் 4 முதல் 10 நொடி நிற்கலாம், 8 நல்லது என்று வழிகாட்டியது. 60 கிலோமீட்டரில் போகிறவர் 8 நொடியில் 130 மீட்டர் கடந்துவிடுவார். அசையும் படம், வீடியோ வேண்டாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்றிரவே லக்ஸ் மீட்டர் இரவல் வாங்கி ஜன்னலில் அளந்து, தேதி, மணி எழுதி வையுங்கள். பலகை வந்த பிறகு அளந்தால் "முன்பும் இப்படித்தான் இருந்தது" என்பார்கள்.

ஒட்டுமொத்தமாகத் தடை செய்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1968-லேயே சட்டம் போட்டது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 2007-ல் மேயர் ஜில்பெர்த்து கசாப் காலத்தில் வெளிப்புற விளம்பரங்களையெல்லாம் இறக்கினார்கள். பலகை போன இடங்களில் அதுவரை மறைந்திருந்த பழைய சுவர்கள் தெரிந்தன. பிறகு பஸ் நிழற்குடையிலும் தெருக் கடிகாரத்திலும் அளந்து அனுமதித்தார்கள். ஆனால் அதெல்லாம் நகர்மன்றம் தீர்மானிக்கிற காரியம். ஒன்பது நாளில் நடக்காது, மனுவில் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள்.

---

மெய்ப்புக்காரன் எழுதியது:

நடந்ததைச் சொல்கிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு பார்த்தேன். வரைபடத்தில் 9 மீட்டர் அம்புக்குறி தூணின் மையத்தில்தான் முடிகிறது. பலகையைப் பக்கவாட்டில் வரைந்த படம் வேறு தாளில், வேறு அளவுகோலில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளிம்பு எங்கள் சுவருக்கு 3 மீட்டரில் வருவது புரியும். அடிக்குறிப்பை ஒரு பக்கத்திலும் எண்ணை இன்னொரு பக்கத்திலும் போடும் புத்தகங்களைத் திருத்தித் திருத்தி எனக்கு இந்த மாதிரி வேலையில் பழக்கம்.

பிறகு மைத்துனனைக் கூட்டிக்கொண்டு காலையில் டேப் பிடித்தேன். தூண் வரும் இடத்தில் சுண்ணாம்பால் குறி போட்டிருந்தார்கள். பிரதான சாலை ஓரத்திலிருந்து 6 மீட்டர், எங்கள் தெரு ஓரத்திலிருந்து 2. கூட்டினால் 8. எங்கள் விதியில் முக்கோணத்துக்கு 10. மைத்துனன் சுண்ணாம்புக் குறியில் மூன்றடி அகல அட்டைப்பெட்டிகளை அடுக்கி நிறுத்தினான். நான் தெரு முனையில் பைக்கில் உட்கார்ந்து போட்டோ எடுத்தேன். சாலையில் வந்த ஒரு வேன் பாதிக்கு மேல் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் போட்டோவை மனுவோடு இணைத்தேன்.

மனு ஒரே பக்கம். மண் அறிக்கை கோப்பில் இல்லவே இல்லை, "பின்னர் சமர்ப்பிக்கப்படும்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதையும் சேர்த்தேன். விசாரணை நாளில் விண்ணப்பித்தவர் தரப்பில் ஒருவர் "சார், தூண்தான் கட்டமைப்பு, பலகை அதன் மேல் மாட்டும் பொருள்" என்று வாதாடினார். அதிகாரி விதியின் விளக்கப் பகுதியை எடுத்து, கட்டமைப்பு என்பதில் தாங்கும் சட்டமும் காட்சிப் பரப்பும் அடங்கும் என்ற வரியைச் சத்தமாகப் படித்தார். பிறகு யாரும் அதைப் பேசவில்லை.

அனுமதி மறுக்கவில்லை. திருத்திய வரைபடத்தோடு மறுபடி வரச் சொல்லி கோப்பைத் திருப்பியிருக்கிறார்கள். தூணை முக்கோணத்துக்கு வெளியே நகர்த்தி, எங்கள் சுவருக்கு 7.5 மீட்டர் விட்டால் அந்த மனையில் 12 மீட்டர் பலகை நிற்க வழியில்லை என்று மனைக்காரரே என்னிடம் வெளியில் வந்து சொன்னார். பாதி அளவில், வெளிச்சம் இல்லாத துணிப் பலகையாகப் போட்டால் எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். வரைபடம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். காலிமனை நண்பர் சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டேன். ஒப்பந்தத்தை வீட்டில் போய்ப் பார்க்கிறேன் என்றார், முகம் கொஞ்சம் மாறியது.

லக்ஸ் மீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஜன்னலில் நான்கு இரவு அளந்ததில் புடவை இல்லாமல் 1.1, புடவையோடு 0.2. அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு மெஷின் எதுக்குடா" என்றார்.